வெளிநாட்டுல படிக்கிறவங்க லீவுக்கு வேலை பாக்குறதா, ஊருக்கு வர்றதா? எது யாருக்கு சரி

மார்ச் மாசம் தாண்டுனாலே எனக்கு ஒரே கேள்விதான் வேற வேற ஊர்லேர்ந்து வரும். "அக்கா, சம்மர் லீவு வருது, இங்கேயே இருந்து வேலை பாக்கவா இல்ல ஊருக்கு வந்துட்டுப் போகவா?" கேக்குற புள்ளை லீட்ஸ்லயோ டப்ளின்லயோ இருக்கும், வீடு புதுவயல்லயோ பள்ளத்தூர்லயோ தேவகோட்டைலயோ இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு அந்தப் புள்ளையோட ஆத்தா கூப்புடுவாங்க, "டிக்கெட் போடலாம்னா வேணாங்குறான், நீயாவது சொல்லேன்"னு. நான் காரைக்குடிலேர்ந்து போயி இங்கிலாந்துல படிச்சவ, தம்பி ஜெர்மனில படிச்சான், அதனால கேக்குறாங்க. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து இங்க எழுதிடுறேன்.

என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன். மணிக்கு எவ்வளவு சம்பளம்னு பாத்து முடிவெடுக்காதீங்க. உங்க படிப்புல மொத்தம் எத்தனை பெரிய லீவு இருக்கு, இது எத்தனாவது லீவு, அதப் பாத்து முடிவெடுங்க. இங்கிலாந்துல மூணு வருஷ டிகிரின்னா நடுவுல வர்ற சம்மர் ரெண்டே ரெண்டுதான். ஒரு வருஷ மாஸ்டர்ஸ்னா வேலை பாக்குற மாதிரி சம்மரே கிடையாது (அது ஏன்னு கீழ சொல்றேன்). இவ்வளவு கம்மியா இருக்குற ஒண்ண, கூடப் படிக்கிறவன் சேந்த வேர்ஹவுஸ்ல நாமளும் சேந்துருவோம்னு செலவு பண்ணிடக் கூடாது.

## எதை வச்சு எடை போடுறது

நான் பாக்குறது அஞ்சு விஷயம். ஒண்ணு, விசா அதுக்கு இடம் குடுக்குதா. ரெண்டு, வாடகை சாப்பாடு பஸ்ஸு போக கையில நிக்கிறது எவ்வளவு. மூணு, நீங்க படிக்கிற படிப்புக்கும் அந்த வேலைக்கும் ஒட்டு இருக்கா. நாலு, உடம்பு தாங்குமா, செப்டம்பர்ல கிளாஸ் ஆரம்பிக்கிறப்ப தெம்பு மிச்சம் இருக்குமா. அஞ்சு, வீட்ல யாருக்காவது நீங்க இப்ப வேணுமா. கடைசி விஷயத்த யாரும் கணக்குல எழுதமாட்டாங்க, ஆனா ஆயாவுக்கு உடம்பு முடியலைங்குற வீட்ல அது மத்த நாலையும் தள்ளிடும், தள்ளணும்.

## முதல்ல விசா, அப்புறந்தான் மத்ததெல்லாம்

| நாடு | பாடம் நடக்குறப்ப | லீவுல | சிக்குற இடம் |
|---|---|---|---|
| இங்கிலாந்து, டிகிரி லெவல் | வாரம் 20 மணி | ஃபுல் டைம் | மாஸ்டர்ஸ்ல டெஸர்டேஷன் (கடைசி ஆய்வுக் கட்டுரை) எழுதுற சம்மர் லீவு கணக்குல வராது |
| அயர்லாந்து | வாரம் 20 மணி | வாரம் 40 மணி | ஜூன்–செப்டம்பர், டிசம்பர் 15–ஜனவரி 15 மட்டும் |
| ஆஸ்திரேலியா | ரெண்டு வாரத்துக்கு 48 மணி | லிமிட் இல்ல | கோர்ஸ் நடக்காத நாளாத்தான் இருக்கணும் |
| கனடா, கேம்பஸுக்கு வெளிய | வாரம் 24 மணி | ஃபுல் டைம் | காலேஜ் காலண்டர்ல போட்ட லீவா இருக்கணும், வருஷத்துக்கு 180 நாளுக்கு மேல கூடாது |
| ஜெர்மனி | வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் | வருஷக் கணக்கு அதேதான் | சொந்தமா தொழில் பண்ண தனியா அனுமதி வேணும் |
| அமெரிக்கா | கேம்பஸ்ல வாரம் 20 மணி | கேம்பஸ்ல ஃபுல் டைம் | வெளிய வேலைன்னா சிபிடி (படிப்போட பகுதியா வர்ற வேலைக்கு), ஓபிடி (படிப்பு சம்பந்தமான வேலைக்கு, பெரும்பாலும் படிப்பு முடிஞ்சப்புறம்) மாதிரி அனுமதி கட்டாயம் |
| சிங்கப்பூர் | வாரம் 16 மணி | ஃபுல் டைம் | அங்கீகாரம் உள்ள கல்வி நிறுவனத்துல படிக்கிறவங்களுக்கு மட்டும் |

இதுல நம்ம பக்கத்துப் புள்ளைங்க அதிகம் தடுக்கி விழுறது இங்கிலாந்து வரியிலதான். ஒரு வருஷ எம்எஸ்சிக்குப் போறவங்க, ஜூன்ல கிளாஸ் முடிஞ்சுருச்சு, இனி ஃபுல் டைம் பாக்கலாம்னு நெனச்சுக்குறாங்க. கிளாஸ் முடிஞ்சாலும் டெஸர்டேஷன் ஓடுது, அது டெர்ம் டைம்தான், 20 மணிக்கு மேல ஒரு மணி பாத்தாலும் விசா மீறல்தான். அவங்களுக்கு ஃபுல் டைம் வேலைக்குக் கெடைக்கிறது கிறிஸ்துமஸ் லீவும் ஈஸ்டர் லீவுந்தான், அதுவும் யூனிவர்சிட்டி போட்ட தேதிக்குள்ள. அயர்லாந்துல கணக்கு வேற, அங்க மாசத்த வச்சுத்தான் சட்டம், உங்க டெஸர்டேஷன் நடக்குதா இல்லையான்னு பாக்குறதில்ல, அதனால ஸ்டாம்ப் 2ங்குற ஸ்டூடன்ட் அனுமதியில மாஸ்டர்ஸ் படிக்கிறவன் ஜூன்லேர்ந்து 40 மணி பாக்கலாம். கடன் வாங்கி மாஸ்டர்ஸ் போறவங்க நாடு தேர்ந்தெடுக்குறப்பவே இந்த வித்தியாசத்தப் பாத்துக்கிட்டா நல்லது, ஆனா ஏஜென்ட் யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அப்புறம் இன்னொண்ணு. இங்கிலாந்து ஸ்டூடன்ட் விசாவுல சொந்தத் தொழில் கூடாது. சாப்பாடு டெலிவரி ஆப்ல ஓட்டுறவங்க பெரும்பாலும் கம்பெனி ஆளு இல்ல, சொந்தத் தொழில் கணக்குல வர்றவங்க. அதனால அடுத்தவன் அக்கவுண்ட வாடகைக்கு எடுத்து ஓட்டுறது ரெட்டைத் தப்பு. வீட்டு மேல கடன் வாங்கிப் போனவன் ஒரு சைக்கிளுக்காக அந்த விசாவ அடகு வைக்க வேணாம்.

## ஒண்ணு: கடை, ஹோட்டல், வேர்ஹவுஸ் வேலை

சீக்கிரம் கெடைக்கும், சீக்கிரம் காசு வரும். ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். இங்கிலாந்துல 2025 ஏப்ரல்ல 21 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்குக் குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டா இருந்துச்சு, அத வச்சே போடுறேன். வாரம் 35 மணி பாத்தா 427 பவுண்டு. வாரம் 242க்கு மேல போற பகுதிக்கு நேஷனல் இன்சூரன்ஸ் 8 சதவீதம், சுமாரா 15 பவுண்டு போயிடும். வருஷ வருமானம் 12,570 பவுண்டுக்குள்ள இருந்தா இன்கம் டேக்ஸ் இல்ல, தப்பா புடிச்சாலும் திருப்பிக் கேட்டு வாங்கலாம். ஆக வாரம் 412. ரூம் 140, சாப்பாடு 40, பஸ்ஸு 20ன்னு வச்சா மிச்சம் 212. பத்து வாரத்துக்கு 2,120 பவுண்டு, நம்ம காசுல ரெண்டு லட்சத்துக்கு மேல. சும்மா சொல்லக்கூடாது, பெரிய காசுதான்.

ஆனா அதே 2025 கணக்குல 18லேர்ந்து 20 வயசுக்காரனுக்குக் குறைஞ்சபட்சக் கூலி 10 பவுண்டுதான் இருந்துச்சு, வாரம் 350தான் வரும். ப்ளஸ் டூ முடிச்சு நேரா டிகிரிக்குப் போனவங்க இத மறந்துடுறாங்க. அப்புறம் ஜீரோ அவர்ஸ் கான்ட்ராக்ட், 35 மணின்னு சொல்லிட்டு ஒரு வாரம் 12 மணிதான் குடுப்பான், ஆனா ரூம் வாடகை 12 மணிக்கு ஏத்த மாதிரி குறையாது. காலேஜ் ஊர்ல ஜூன் வந்தா ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் கிளம்பிடுவாங்க, காபிக் கடையில கூட்டமே இருக்காது, வேலையும் இருக்காது. அப்ப வேலை இருக்குறது கடலோர ஊர்கள்ல, ஆகஸ்ட்ல திருவிழா நடக்குற எடின்பரோல. வேர்ஹவுஸுக்கு ஆள் கூட எடுக்குறது நவம்பர் டிசம்பர்ல. நைட் ஷிஃப்ட் முடிஞ்சா பஸ்ஸு இருக்காது, டாக்ஸிக்கு ஒரு மணி நேரக் கூலி போயிடும்.

கேக்காம விட்டுடுற காசும் இருக்கு. இங்கிலாந்துல கேஷுவல் ஆளுக்கும் லீவு சம்பளம் உண்டு, மணிக்கணக்கு ஒழுங்கில்லாத வேலைன்னா பாத்த நேரத்துல 12.07 சதவீதம். ஆஸ்திரேலியாவுல கேஷுவலுக்கு அடிப்படைக் கூலி மேல 25 சதவீதம் கூடுதல், அது இல்லாம முதலாளி போடுற சூப்பர் (ஓய்வுக்காலச் சேமிப்பு) வேற இருக்கு. பே ஸ்லிப்ப எடுத்து வரிவரியா படிங்க.

யாருக்கு சரி: முதல் வருஷம் முடிச்சவங்க, வாடகைக்கே வீட்ட எதிர்பாத்துக்கிட்டு இருக்குறவங்க, அந்த ஊர்ப் பேச்சு இன்னும் காதுல பழகாதவங்க. கவுன்டர்ல நின்னு பேசுன பேச்சுல வர்ற தைரியம் அப்புறம் இன்டர்வியூல கண்டிப்பா கைகுடுக்கும்.

## ரெண்டு: கேம்பஸுக்குள்ளயே வேலை

லைப்ரரி, ஹாஸ்டல் ரூம் சுத்தம், சம்மர் ஸ்கூலுக்கு வர்ற சின்னப் பசங்களக் கூட்டிட்டுப் போறது, ஓபன் டே, ப்ரொஃபசர் லேப்ல உதவி. அமெரிக்கா போனவங்களுக்கு முதல் வருஷம் பெரும்பாலும் இது ஒண்ணுதான் வழி. நல்லது என்னன்னா உங்க விசா கணக்கு அவங்களுக்கே தெரியும், மணி மீற விடமாட்டாங்க, சம்பளமும் ஒழுங்கா வரும். பஸ் செலவு மிச்சம்.

குறை, இடம் கம்மி, பிப்ரவரி மார்ச்லயே ஆள் எடுத்து முடிச்சுடுவாங்க, மே மாசம் போயி நின்னா ஒண்ணும் இருக்காது. மணியும் கம்மியாத்தான் வரும். ஆனா லேப்ல ஒரு சம்மர் வேலை பாத்து ப்ரொஃபசர் கையால ரெகமெண்டேஷன் லெட்டர் வாங்குனா, பிஎச்டி போற யோசனை உள்ளவங்களுக்கு அத விட மேலான லீவு வேலை கெடையாது.

## மூணு: இன்டர்ன்ஷிப்

இங்கதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். நம்ம ஊர்க்காரங்களுக்கு வட்டிக் கணக்கு சொல்லித் தர வேண்டியதில்ல, அதனால அப்புடியே சொல்றேன். 30 லட்சம் எஜுகேஷன் லோன், வட்டி பத்தரை சதவீதம்னு வச்சுக்குங்க. வருஷ வட்டி மட்டும் 3 லட்சத்து 15 ஆயிரம். ஒரு சம்மர் முழுக்க வேர்ஹவுஸ்ல நின்னு மிச்சம் புடிச்ச காசு அந்த ஒரு வருஷ வட்டிக்கே பத்தாது, அசல் அசையவே அசையாது. அசல அசைக்கிறது படிப்பு முடிஞ்சு கெடைக்கிற வேலைதான். அந்த வேலைய அஞ்சாறு மாசம் முன்னாடியே கொண்டு வரக்கூடிய லீவு எதுவோ, அதுதான் கடன் வாங்கிப் படிக்கிறவனுக்குக் காசுள்ள லீவு. ஐந்தொகை போடுறப்ப கையில வந்த வரவ மட்டும் எழுதிட்டு இத விட்டுட்டா கணக்கு தப்பு.

படிப்பு முடியுறதுக்கு முந்தின சம்மர் ரொம்ப முக்கியம். பெரிய கம்பெனிங்க அந்த சம்மர்ல இன்டர்னா வந்தவங்கள்லேர்ந்தே அடுத்த வருஷத்துக்கு ஆள் புடிக்கிறாங்க. அதுக்கு அப்ளை பண்றது முந்தின செப்டம்பர் அக்டோபர்ல, அதாவது நீங்க காலேஜுக்குத் திரும்பி பெட்டியப் பிரிக்கிறதுக்கு முன்னாடி. ஏப்ரல்ல எனக்கு மெசேஜ் போடுற பல பேருக்கு இந்தக் கதவு ஏற்கனவே சாத்திருக்கும், அதுதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அப்பவும் சின்னக் கம்பெனிங்க மே ஜூன் வரைக்கும் எடுப்பாங்க, ஈமெயில் போட்டுப் பாருங்க, ஓய வேணாம்.

மறைஞ்சிருக்குற செலவு: வேற ஊருக்குப் போகணும், அங்க ஒரு ரூம், இங்க ஏற்கனவே கையெழுத்துப் போட்ட ரூம், ரெண்டுக்கும் வாடகை. ஜெர்மனில படிப்போட கட்டாயப் பகுதியா வர்ற இன்டர்ன்ஷிப்புக்குக் குறைஞ்சபட்சக் கூலிச் சட்டம் கெடையாது, நீங்களா போற மூணு மாசத்துக்குள்ளான இன்டர்ன்ஷிப்புக்கும் பெரும்பாலும் கெடையாது, ஆனா கட்டாய இன்டர்ன்ஷிப் 140 நாள் கணக்குல சேராது, அது ஒரு லாபம். தம்பி சொல்றது, அங்க வெர்க்ஸ்டூடன்ட்டா (படிச்சுக்கிட்டே பார்ட் டைமா வேலை பாக்குற ஆளா) ஒரு கம்பெனில ஒட்டிக்கிட்டா லீவுல கூட நேரம் பாக்கலாம், செமஸ்டர்லயும் தொடரலாம், தனியா இன்டர்ன்ஷிப் தேட வேண்டியதே இல்ல. ஆனா அங்க செமஸ்டர் லீவுங்குறது பேருதான், பரீட்சையும் பேப்பர் எழுதுறதும் அதுக்குள்ளதான் வந்து விழும்.

அமெரிக்காவுல சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்னாலும் உங்க படிப்பு சம்பந்தப்பட்டதுன்னா சிபிடி வாங்காம போகாதீங்க. பொதுவா ஒரு முழுக் கல்வி வருஷம் முடிஞ்சாத்தான் சிபிடி. ஃபுல் டைம் சிபிடி 12 மாசம் ஆயிட்டா அந்த லெவல் படிப்புக்கான ஓபிடி போயிடும், அதனால மாசத்த எண்ணிக்கிட்டே இருங்க.

யாருக்கு சரி: கடைசிக்கு முந்தின வருஷம் இருக்குற எல்லாருக்கும். சம்பளம் கடை வேலைய விடக் கம்மியா வந்தாலும், வாடகைக்கு மட்டும் வழி இருந்தாப் போயிடுங்க.

## நாலு: பே ஸ்லிப் இல்லாம கையில காசு

இத ஒரு வழின்னே நான் எழுதக் கூடாது, ஆனா நெறைய பேரு கேக்குறதால எழுதுறேன். நம்ம ஆளு கடை, தமிழ் பேசுறவர், சாப்பாடு போடுவார், கையில காசு குடுத்துடுவார்னு போறாங்க. நான் படிச்சப்ப கூடத் தங்குன ஒரு பொண்ணு ஒரு ஹோட்டல்ல அப்புடித்தான் நின்னா, சட்டக் கூலில பாதிதான் குடுத்தாங்க, கையில எண்ணெய் கொட்டுன அன்னைக்கு "நீ இங்க வேலையே பாக்கல"ன்னுட்டாங்க. கணக்குல இல்லாத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் இல்ல, லீவு சம்பளம் இல்ல, அடிபட்டா கேக்க நாதி இல்ல. சம்பளம் ஏமாத்துனா ஆஸ்திரேலியாவுல ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், விசா என்னவா இருந்தாலும் அங்க வேலைக்கான உரிமை ஒண்ணுதான். இங்கிலாந்துல ஏகாஸ்னு ஒரு உதவி லைன் இருக்கு. பயந்து சும்மா இருக்காதீங்க. யாருக்கும் சரியில்ல இந்த வழி.

## அஞ்சு: ஊருக்கு வர்றது

ஊருக்கு வந்தா லீவு வீணாப் போச்சுன்னு பேசுற பசங்க கிட்ட எனக்கு ஒத்து வர்றதில்ல. செலவு உண்மைதான், அத முதல்ல சொல்லிடுறேன். சம்மர்லயும் டிசம்பர்லயும் டிக்கெட் விலை ஏறிக் கிடக்கும், திருச்சி இல்லன்னா மதுரையில வந்து இறங்கி இன்னும் ரெண்டு மணி நேரம் கார். ஹாஸ்டல் கான்ட்ராக்ட் 51 வாரம்னு கையெழுத்துப் போட்டுருந்தா நீங்க இங்க தூங்குற ராத்திரிக்கும் அங்க வாடகை ஓடும், 44 வார கான்ட்ராக்டுன்னா அந்தப் பாரம் இல்ல. அதோட மேல சொன்ன ரெண்டு லட்சமும் வராது. ஆக டிக்கெட்டு, வாடகை, வராத சம்பளம் மூணையும் கூட்டுனாத்தான் ஊருக்கு வர்றதோட உண்மையான விலை.

ஆனா அந்த விலைக்கு என்ன வாங்கலாம்னும் பாருங்க. கெமிஸ்ட்ரி, மெட்டீரியல்ஸ், பேட்டரி பக்கம் படிக்கிறவங்களுக்கு நம்ம காரைக்குடிலயே சிக்ரி இருக்கு, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து 1953ல திறந்தது. லித்தியம் பேட்டரி, துருப்பிடிப்புன்னு நீங்க அங்க படிக்கிற பாடத்த இங்க வேலையாவே பண்றாங்க. உங்க ப்ரொஃபசர் லெட்டரோட பல மாசம் முன்னாடியே எழுதிக் கேட்டுப் பாருங்க. ஆர்க்கிடெக்சர், கன்சர்வேஷன் படிக்கிறவங்க கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் ஒரு மாசம் நோட்டும் கேமராவுமா திரிஞ்சு, ரெண்டு வீட்ட ஒழுங்கா அளந்து வரைஞ்சுட்டுப் போனா போர்ட்ஃபோலியோவுல அதுக்குத் தனி இடம். செட்டிநாட்டு ஊர்கள் 2014லேர்ந்து யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல இருக்கு, வெளிநாட்டுல உங்களுக்குப் பாடம் எடுக்குற வாத்தியார்கள் அந்தப் பேரக் கேட்டா நிமிந்து உக்காருவாங்க. டெக்ஸ்டைல்ஸ்காரங்களுக்குக் கண்டாங்கிச் சேலை, அதுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்சுது, தறிகாரர் பக்கத்துல உக்காந்து பாக்குற பாடம் வேற எங்கயும் கெடைக்காது.

ஆஸ்திரேலியாவுல படிக்கிறவங்க கணக்கு கொஞ்சம் தனி. அவங்க பெரிய லீவு நவம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும், அதுக்குள்ள பிள்ளையார் நோன்பு, பொங்கல், சில வருஷம் தைப்பூசமும் வந்துடும், பழனிக்கு நடக்குற வீட்டுப் புள்ளைன்னா மனசு இங்கதான் இருக்கும். ஆனா அங்க கிறிஸ்துமஸ் சீசன்ல கடை வேலை நெறைய கெடைக்கிறதும் பொது விடுமுறைக் கூடுதல் சம்பளம் வர்றதும் அப்பத்தான். நான் சொல்றது, கிறிஸ்துமஸ், பாக்ஸிங் டே முடியுற வரைக்கும் அங்க வேலை பாத்துட்டு ஜனவரி முதல் வாரம் கிளம்பி பொங்கலுக்கு வாங்க, நோன்ப வீடியோ கால்ல பாத்துக்கலாம்.

வர்றதுக்கு முன்னாடி பேப்பர். அமெரிக்கான்னா விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகலையா, ஐ-20ல (காலேஜ் குடுத்த ஸ்டூடன்ட் ஃபார்ம்) பயணக் கையெழுத்து இருக்கான்னு பாருங்க. ஜெர்மனின்னா ரெசிடென்ஸ் பெர்மிட் தேதி. இங்கிலாந்துன்னா பாஸ்போர்ட்டு ஈவிசாவோட இணைஞ்சிருக்கான்னு. இதுல எது சந்தேகம்னாலும் டிக்கெட் போடாதீங்க.

யாருக்கு சரி: வீட்ல நோயோ சாவோ கல்யாணமோ உள்ளவங்க, அங்க தனியா இருந்து மனசு ஒடிஞ்சு போனவங்க, ஊர்ல படிப்புக்கு ஒட்டுன வேலை பேசி வச்சவங்க. மனசு ஒடிஞ்சவங்க காரணம் தேடிக்கிட்டு இருக்காதீங்க, கிளம்பி வாங்க. கடன் காத்திருக்கும்.

## சேத்து யோசிச்சா

முழு லீவையும் ஒண்ணுக்கே எழுதி வைக்கணும்னு இல்ல. மூணு வருஷ டிகிரிக்காரங்க முதல் சம்மர்ல ஒரு மாசம் ஊரு, மிச்சம் கடை வேலை, ரெண்டாவது சம்மர் இன்டர்ன்ஷிப், இதுதான் நான் தைரியமா சொல்ற வரிசை. ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ்னா நடுவுல ஒரே ஒரு சம்மர், அது இன்டர்ன்ஷிப்புக்கு, ஊர கிறிஸ்துமஸுக்கு வச்சுக்குங்க. இங்கிலாந்துல ஒரு வருஷ மாஸ்டர்ஸ்னா வருஷம் பூரா 20 மணி வேலை, கிறிஸ்துமஸ்ல ஃபுல் டைம், டெஸர்டேஷனையே ஏதாவது கம்பெனியோட சேந்து பண்ண முடியுமான்னு டிபார்ட்மெண்ட்ல கேளுங்க, இன்டர்ன்ஷிப்புக்குப் பதிலா அவங்களுக்கு இருக்குற நல்ல வழி அதுதான்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. படிக்கிற காலத்துல லோனுக்கு இஎம்ஐ இல்லைன்னாலும் வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும், புள்ளை லீவுல அனுப்புற காசுல அந்த வட்டியக் கட்டிட்டு வந்தா பின்னாடி அசலோட சேராது. அத விட்டுட்டு வீட்டுக்கு ஏசி வாங்காதீங்க.

எந்த வேலைக்குப் போனாலும் சேர்ற முதல் வாரமே வரி நம்பர் வாங்கிடுங்க, இங்கிலாந்துல நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், ஆஸ்திரேலியாவுல டிஎஃப்என், கனடாவுல சின் நம்பர். டிஎஃப்என் குடுக்கலைன்னா உச்ச வீதத்துல வரி புடிச்சுடுவாங்க. பே ஸ்லிப்ப எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க, பின்னாடி விசாவுக்கு அப்ளை பண்றப்ப கேப்பாங்க. ஆஸ்திரேலியாவ விட்டு ஒரேயடியா கிளம்புறவங்க, விசா முடிஞ்சப்புறம் உங்க சூப்பர் காச ஆன்லைன்ல கேட்டு வாங்கிக்கலாம், அதுல பொதுவா 35 சதவீதம் வரியாப் போனாலும் மிச்சம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்.